பிங்: காது சொல்லும் கதையும் விரிவாக்கம் சொல்லும் கதையும்

நெட்வொர்க் வேலை செய்கிறதா என்று பார்க்கக் கணினியில் ‘பிங்’ என்ற கட்டளையை அடிக்கிறோமே, அந்தப் பெயருக்கு இரண்டு கதைகள் உலவுகின்றன. ஒன்று, அது ‘பாக்கெட் இன்டர்நெட் குரோப்பர்’ என்பதன் சுருக்கம். மற்றொன்று, அது வெறும் சத்தம்.

நானும் நெடுநாள் முதல் கதையைத்தான் நம்பினேன். கணினிப் பெயர் என்றாலே ஏதோ ஒன்றின் சுருக்கமாகத்தான் இருக்கும் என்ற பழக்கதோஷம். ஆனால் 1983 டிசம்பரில், அமெரிக்க ராணுவத்தின் ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்தபோது இந்த நிரலை எழுதிய மைக் மூஸ், நீருக்கடியில் இருப்பதை ஒலியால் கண்டறியும் சோனார் கருவியின் சத்தத்தைத்தான் பெயராக வைத்ததாகச் சொல்லிவிட்டார். விரிவாக்கம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

அவர் சொல்லாவிட்டாலும் சோனார் கதைதான் ஜெயிக்கும். நீர்மூழ்கியைத் தேடும் கப்பல் தண்ணீருக்குள் ஓர் ஒலியை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும். எதிரொலி திரும்ப எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்துத் தூரம் கணக்காகும். கணினியும் அதையேதான் செய்கிறது. அனுப்பும் செய்திக்குப் பெயரே ‘எக்கோ ரிக்வஸ்ட்’, பதிலுக்கு ‘எக்கோ ரிப்ளை’. திரையில் வரும் மில்லி செகண்ட் கணக்கு, போய்த் திரும்பிய நேரம். இதில் எதையும் அந்த விரிவாக்கம் விளக்குவதில்லை. ‘குரோப்பர்’ என்றால் இருட்டில் துழாவுகிறவர், அவ்வளவுதான்.

சொல் மட்டும் இவற்றுக்கெல்லாம் மூத்தது. 19ஆம் நூற்றாண்டிலேயே துப்பாக்கிக் குண்டு எதிலாவது படும்போது எழும் கூர்மையான ஒலியை ஆங்கிலத்தில் ‘பிங்’ என்றார்கள். மேசைப்பந்துக்குப் ‘பிங் பாங்’ என்ற பெயர் வந்ததும் ஒலியால்தான். 1959இல் கார்ஸ்டன் சோல்ஹைம் செய்த கோல்ஃப் மட்டை பந்தில் பட்டதும் அப்படி ஒலித்ததால், ‘பிங்’ என்பதே அதன் பிராண்ட் ஆனது. இவற்றிலெல்லாம் ஒலி உண்டு, பதிலை எதிர்பார்க்கும் வேலை இல்லை. அதைச் சேர்த்தது சோனார்.

ஆபீஸில் புழங்கும் ‘பிங்’ எந்தக் கிளை? “வந்ததும் பிங் பண்ணுங்க” என்பதும் “மெசேஜ் போடுங்க” என்பதும் ஒன்று போலத்தான் தெரியும். ஆனால் மெசேஜ் படிக்காமல் நாள்கணக்கில் கிடக்கலாம். பிங் பண்ணியவரோ, “இருக்கேன், சொல்லுங்க” என்று பதில் வரும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருப்பார்.