கீழக்கரை ஜிம்மில் பாஸ்கெட்பால் பிள்ளைகளுக்கான மாலை பேட்ச்

ஏர்வாடி, கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் பாஸ்கெட்பால் ஆடும் பிள்ளையை ஜிம்மில் சேர்க்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர்களுக்கு இந்த மாலை பேட்ச்சைத் தாராளமாகச் சொல்வேன். என் மகள் பத்தாவது படிக்கிறாள், பள்ளி அணியில் ஆடுகிறாள், சில மாதங்களாக இங்கே போகிறாள். குறையும் உண்டு, கீழே எழுதியிருக்கிறேன்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, சேர்ந்த உடனே எடையைக் கையில் கொடுக்கவில்லை. முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு மரப்பெட்டி, அதன்மேல் நின்று கீழே குதித்து இறங்க வேண்டும், அவ்வளவுதான். பயிற்சியாளர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார், தொம்மென்று சத்தம் கேட்டால் திரும்பாமலே "இன்னொரு தடவைம்மா" என்பார். பூனை மாதிரி இறங்கினால்தான் திரும்பிப் பார்ப்பார், அப்போதும் பார்ப்பது முட்டியைத்தான், இரண்டும் உள்பக்கமாகச் சாய்ந்தால் மறுபடி பெட்டி மேலே ஏறு. இதற்கா பஸ் ஏறி வருகிறோம் என்று மகளுக்கு அலுப்புத் தட்டியது. அவர் உட்கார வைத்து விளக்கினார். ரீபவுண்டுக்கு, அதாவது வளையத்தில் விழாமல் திரும்பி வரும் பந்தைப் பிடிக்க, எகிறி இறங்கும்போது உடம்பு எடையைப் போலப் பல மடங்கு பாரம் காலில் விழுகிறது, இடுப்பும் தொடையும் அதைத் தாங்காவிட்டால் முட்டிதான் தாங்கியாக வேண்டும். முட்டிக்குள் இருக்கும் ஏ.சி.எல். தசைநார் கிழிவது ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளுக்கு அதிகம், அதுவும் யாரும் வந்து இடிக்காமலே, சட்டென்று திரும்பும்போதோ இறங்கும்போதோதான் பெரும்பாலும் கிழிகிறது. கிழிந்தால் பெரும்பாலும் ஆபரேஷன், அப்புறம் ஒன்பது மாதமோ ஒரு வருஷமோ கோர்ட் பக்கமே போக முடியாது. ஒரு பெண்ணைப் பெற்றவனுக்கு இதை முதல் நாளே சொல்லிவிட்டார்கள் என்பதே பெரிய விஷயம்.

வீட்டில் எல்லாரும் சொன்னது, எடை தூக்கினால் உயரம் நின்றுவிடும் என்று. பாஸ்கெட்பால் பிள்ளைக்கு இதைவிடப் பயம் வேறென்ன இருக்கிறது! ஆனால் அதற்கு ஆதாரம் கிடையாது. தெரிந்தவர் பக்கத்தில் நின்று சரியான முறையில் சொல்லிக்கொடுத்தால் சிறுவர்களும் எடைப் பயிற்சி செய்யலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே சொல்லியிருக்கிறது. ஆபத்து, கண்காணிக்க ஆளில்லாமல் கண்டபடி தூக்குவதில்தான்.

முன்பு வேறொரு ஜிம்மில் கேட்டபோது திங்கள் மார்பு, செவ்வாய் பைசெப்ஸ் எனும் மேல்கைத் தசை என்று ஒரு அட்டையை நீட்டினார்கள். 10 அடி உயரத்தில் இருக்கும் வளையத்துக்கு எகிற பைசெப்ஸ் என்ன செய்யும்? தரையை எவ்வளவு பலமாக, எவ்வளவு வேகமாக உதைக்கிறோம் என்பதுதான் எகிறல். இங்கே உட்கார்ந்து எழும் ஸ்குவாட், ஒற்றைக்கால் ஸ்குவாட், தொடையின் பின்பக்கத்துக்கு இடுப்பிலிருந்து குனிந்து எடையோடு நிமிரும் ருமேனியன் டெட்லிஃப்ட், கெண்டைக்கால் பயிற்சி, இவ்வளவுதான் முக்கியம். முதல் சில வாரங்களிலேயே பலம் கூடினாலும் தொடை பருமனாகவில்லை, இருக்கிற தசையை முழுதாக வேலை வாங்க நரம்புகள் பழகுகின்றன, அதனால்தான். மேட்சுக்கு முதல் நாள் என்றால் கனமான செட் எதுவும் கிடையாது, கை காலை அசைத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

பெரிய பையன்கள் ஃபோனில் டெப்த் ஜம்ப் வீடியோவைக் காட்டிக் கேட்டால் உடனே மறுத்துவிடுகிறார். பெட்டியிலிருந்து இறங்கிய கணமே மேலே எகிறும் அந்தப் பயிற்சியை 1960களில் சோவியத் பயிற்சியாளர் வெர்கொஷான்ஸ்கி கொண்டுவந்தது ஏற்கெனவே பலமாக இருந்த வீரர்களுக்காக. முதலில் ஸ்குவாட் ஒழுங்காக வரட்டும் என்பது இவர் பதில், எனக்கு அது சரியாகவே படுகிறது.

கடற்கரை மணலில் ஓடவிடுவது வாரத்தில் ஒரு நாள் மட்டும். மணலில் ஓடினால் கெட்டித் தரையைவிட ஒன்றரை மடங்கு சக்தி செலவாகும், முட்டிக்கு அடி குறைவு, ஆனால் உதைக்கும் வேகத்தை மணல் விழுங்கிவிடும், அதனால் எகிறல் பயிற்சி எல்லாம் கோர்ட்டில்தான்.

சரி, குறைகள். உப்புக்காற்று இரும்பை விட்டுவைப்பதில்லை. கம்பிகள் துருப்பிடித்துப் பிள்ளைகள் உள்ளங்கை எல்லாம் சிவப்பாகத்தான் வருகிறது, தினம் துடைத்து எண்ணெய் போட ஒரு ஆள் வேண்டும். குதிக்கும் மூலையில் ரப்பர் பாயின் ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. இறங்கக் கற்றுத்தரும் இடத்திலேயே கால் தடுக்கலாமா? சொல்லியிருக்கிறேன், இன்னும் ஒட்டவில்லை. பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரமும் ஒரு பெண் பயிற்சியாளரும் இருந்தால் இந்தப் பக்கத்திலிருந்து இன்னும் நிறையப் பேர் சேர்வார்கள், சேர்க்க ஆசைப்பட்டுத் தயங்கும் அம்மாக்களை எனக்கே தெரியும்.

மாதம் 1,000 ரூபாய், வாரம் மூன்று நாள். உள்ளே போட ஒரு ஷூ தனியாகக் கொடுத்தனுப்புங்கள், மணல் ஒட்டிய ஷூவோடு விடமாட்டார்கள்.