கோடை முகாமில் குறி பார்க்க எது நல்லது: பிபி, ஏர் ரைஃபிள், .22, வில்

அமெரிக்கக் கோடை முகாம்களில் பிள்ளைகள் முதலில் தேடுவது நீச்சல் குளம், அடுத்தது குறி பார்த்துச் சுடப் பழகும் ஷூட்டிங் ரேஞ்ச். ரேஞ்சை நடத்துபவரின் தலைவலி வேறு: பிள்ளைகள் கையில் எதைக் கொடுப்பது? என் அளவுகோல் ஒன்றுதான். ஒரு மணி நேர வகுப்பில் ஒரு பிள்ளை எத்தனை முறை சுடுகிறது, எங்கே பட்டது என்பதை எவ்வளவு சீக்கிரம் பார்க்கிறது?

எல்லாரும் ஆசைப்படும் .22 ரைஃபிளிலிருந்தே, அதாவது 0.22 அங்குலத் தோட்டா போடும் துப்பாக்கியிலிருந்தே, தொடங்குவோம். முகாம்களில் வழக்கம், ஒரு நேரத்தில் ஒரே தோட்டாவைப் போட்டு, கைப்பிடியை முன்னும் பின்னும் தள்ளிப் பூட்டும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள்; தூரம் 50 அடி. சாரணர் இயக்கத்தின் ரைஃபிள் பேட்ஜில் ஓர் அருமையான சோதனை உண்டு. மும்மூன்றாகச் சுட்ட ஓட்டைகள் ஒரு குவார்ட்டர் நாணயத்துக்குள், அதாவது சுமார் 24 மில்லிமீட்டருக்குள், மறைய வேண்டும். அப்படி ஐந்து தடவை. நடுவட்டத்தில் பட வேண்டும் என்று கேட்பதில்லை, ஒரே இடத்தில் பட்டால் போதும். பிள்ளைக்கு மூச்சையும் விரலையும் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

ஆனால் அந்தச் சின்னத் தோட்டா ஒரு மைலுக்கு மேல் போகும். உயரமான மண்மேடும் அதற்குப் பின்னால் ஆளில்லா நிலமும் வேண்டும். காதடைப்பான் மாட்டிய பிள்ளைக்கு நாம் சொல்வது பாதிதான் கேட்கும். சத்தத்துக்குப் பயந்து, விசையை அழுத்தும் முன்பே கண்ணை மூடிக்கொள்ளும் பிள்ளைகளும் உண்டு. கப் ஸ்கவுட் எனப்படும் இளஞ்சாரணர் வயதுச் சிறுவர்களைச் சாரணர் இயக்கம் .22 பக்கமே விடுவதில்லை. சரியான முடிவு.

சின்ன உருண்டைகளைக் காற்றழுத்தத்தால் சுடும் பிபி கன் மலிவு, சத்தம் குறைவு, 5 மீட்டர் இடம் போதும். எட்டு வயசுக்குப் பொருத்தம்தான். ஆனால் பிபி என்பது உருக்கு உருண்டை. கல்லிலோ மரக்கட்டையிலோ பட்டால் திரும்பி வரும். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் ஒருவரும், வேடிக்கை பார்க்க வந்த அம்மா அப்பா உட்பட, சுடும் கோட்டருகே நிற்கக் கூடாது. இலக்குக்குப் பின்னால் பழைய செய்தித்தாள் திணித்த அட்டைப்பெட்டி போதும், பலகை மட்டும் வேண்டாம். அமெரிக்காவில் எல்லாருக்கும் தெரிந்த பிபி கன்னான, டெய்சி நிறுவனத்தின் ரெட் ரைடரை நான் வாங்க மாட்டேன். அதில் 650 பிபி கொட்டி வைக்கலாம். குழாயில் ஒன்று நிற்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. அதே நிறுவனத்தின் 499 என்ற ரகத்தில் ஒவ்வொரு பிபியாகக் குழாயின் வாய்வழியே போட வேண்டும். விலை கூடுதல்தான். நிம்மதியும் கூடுதல்.

காற்றழுத்தத்தால் பெல்லட் என்ற குண்டைச் சுடும் ஏர் ரைஃபிள்தான் என் தேர்வு. இடுப்பு குறுகிய 4.5 மில்லிமீட்டர் ஈயப் பெல்லட், உள்ளே முறுக்குவரி வெட்டிய குழாய், 10 மீட்டர் தூரம். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஒலிம்பிக்கில் சுட்டதும் இதே தூரத்தில்தான். சத்தம் குறைவு என்பதால் சுடும்போதே பக்கத்தில் குனிந்து "தோளை இறக்கு" என்று சொல்லலாம். குறை என்ன? டெய்சி 853 போன்றவற்றின் பம்ப் கையைப் பத்து வயசுப் பிள்ளையால் இழுக்க முடியாது. பயிற்சியாளர்தான் ஓடி ஓடி இழுக்க வேண்டும். காற்றுக் கலன் பொருத்திய ரகத்தில் அந்தத் தொல்லை இல்லை, பணம்தான் அதிகம். அப்புறம், பெல்லட்டைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பாட்டுக் கூடத்துக்கு விடக் கூடாது.

வில்லுக்குத் தோட்டாச் செலவு இல்லை. துப்பாக்கி என்றாலே முகம் சுளிக்கும் பெற்றோரும் ஒத்துக்கொள்வார்கள். ஜெனிசிஸ் என்ற ரக வில்லை எந்தக் கைநீளமுள்ள பிள்ளையும் இழுக்கலாம், இழுவிசையையும் 10 முதல் 20 பவுண்டுக்குள் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் நேரம் தின்னும். இரண்டு விசில் என்றால் கோட்டுக்கு வா, ஒன்று என்றால் எய், மூன்று என்றால் அம்பை எடு. கடைசிப் பிள்ளை எய்து முடிக்கும்வரை யாரும் முன்னே போக முடியாது. புல்லில் புதைந்த அம்பைத் தேடுவது தனி வகுப்பு.

பணம் ஒன்றுக்குத்தான் என்றால் ஏர் ரைஃபிள். இரண்டுக்கு உண்டென்றால் கூடவே வில். .22-ஐ மறு வருடமும் வரும் பெரிய பிள்ளைகளுக்கு வைத்துக்கொள்ளலாம். வில் வாங்கும்போது இடக்கை ரகத்தில் ஒன்றிரண்டு சேர்த்து வாங்குங்கள். வலக்கையால் எழுதும் பிள்ளைக்கும் குறி பார்ப்பதில் இடக்கண் ஓங்கியிருக்கலாம், அதை முதல் நாளே சோதித்துவிடுவது நல்லது.