எஸ்க்யூ குவாட் ரெக்கார்டை கம்ப்யூட்டர்லயே நாலா பிரிக்கலாமா? சாக்ஸ் சாப்ட்வேர் ரிவ்யூ

எஸ்க்யூ ரெக்கார்டு (நாலு சேனல் சத்தத்தை ரெண்டுல கலந்து வெட்டின பழைய ரெக்கார்டு) கைல இருக்கு, அதை திரும்ப நாலா பிரிக்கிற டிகோடர் இல்ல, என்ன பண்றதுன்னு யோசிக்கிறவங்களுக்கு மொதல்லயே சொல்லிடுறேன். சாக்ஸ்-னு ஒரு ஃப்ரீ சாப்ட்வேர் இருக்கு, 14.4.2 வெர்ஷன், 2015-ல வந்தது, அதுவே போதும். 70-கள்ல வித்த சாதாரண டிகோடரை விட சுத்தமாவே வேலை பாக்குது. ஆனா இவ்ளோ சுத்தமா டிகோட் பண்ணா எஸ்க்யூ-வோட ஓட்டையும் சேர்ந்தே சுத்தமா தெரியும், அதுக்கும் தயாரா இருந்துக்கோங்க.

தெரியாதவங்களுக்கு கொஞ்சம் முன்கதை. குவாட்னா நாலு சேனல், முன்னாடி ரெண்டு ஸ்பீக்கர், பின்னாடி ரெண்டு. ரெக்கார்டு பள்ளத்துல இருக்குறதோ ரெண்டே சுவர், அதாவது ரெண்டே சேனல். ஜேவிசி காரங்க சிடி-4-னு ஒண்ணு கொண்டுவந்தாங்க, 30 கிலோஹெர்ட்ஸ்ல, காதுக்கு கேக்காத ஒரு கேரியர் அலையை ஏத்தி நிஜமாவே நாலு சேனலையும் தனித்தனியா வச்சாங்க, அதை படிக்க ஷிபாட்டா மாதிரி மெல்லிசான ஊசி வேணும், ரெக்கார்டு தேஞ்சிருந்தா கேரியர் போயிடும், அது வேற தலைவலி, இங்க அதை தொடப்போறதில்ல. இன்னொரு கூட்டம் மேட்ரிக்ஸ். அமெரிக்காவுல சிபிஎஸ் பண்ண எஸ்க்யூ, ஜப்பான்ல சான்சுய் பண்ண க்யூஎஸ், ரெண்டும் 1971 வாக்குல வந்தது. நாலு சேனலை ரெண்டா கலந்து சாதாரண ஸ்டீரியோ மாதிரியே வெட்டிட்டாங்க. அதனால உங்க வீட்டு டர்ன்டேபிள், சாதாரண கார்ட்ரிட்ஜ் எதுல ஓட்டுனாலும் அந்த நாலும் உள்ள தான் உக்காந்திருக்கு, பிரிச்சு எடுக்குறது மட்டும் தான் பாக்கி.

எப்படி கலந்தாங்கன்னு தெரிஞ்சா தான் சாப்ட்வேர் என்ன பண்ணுதுன்னு புரியும். எஸ்க்யூ-ல முன் இடது அப்படியே இடது சேனல்ல போகுது, முன் வலது அப்படியே வலதுல. பின்னாடி ஸ்பீக்கருக்கான சத்தம் மட்டும் ரெண்டு சேனல்லயும் 0.707 அளவுல கலக்குது, ஆனா ரெண்டுக்கும் நடுவுல 90 டிகிரி ஃபேஸ் வித்தியாசத்தோட, அதாவது ஒரு சேனலோட அலை இன்னொண்ணை விட கால் சுத்து முந்தி நிக்கும். பின் இடதுன்னா இடது சேனல் 90 டிகிரி முந்தும், பின் வலதுன்னா வலது சேனல் முந்தும். அவ்ளோ தான் ரகசியம். திரும்ப எடுக்கணும்னா இடது சேனலை 90 டிகிரி திருப்பி அதுல இருந்து வலதை கழிச்சு 0.707-ஆல பெருக்குனா பின் இடது, வலதை 90 டிகிரி திருப்பி இடதுல இருந்து கழிச்சு அதே 0.707-ஆல பெருக்குனா பின் வலது.

இந்த 90 டிகிரி திருப்புறது தான் அந்த காலத்துல பெரிய வேலை. எல்லா ஃப்ரீக்வென்சிக்கும் ஒரே மாதிரி 90 டிகிரி வரணும், அதுக்கு ரெசிஸ்டர் கெப்பாசிட்டரை வரிசையா அடுக்கி ஆல்-பாஸ் சர்க்கியூட் (சத்த அளவை விட்டுட்டு ஃபேஸை மட்டும் மாத்துறது) கட்டுவாங்க. மோட்டோரோலா எம்சி1312-ன்னு ஒரு ஐசியே இதுக்குன்னு இருந்துச்சு, அதைச் சுத்தி பாகங்களை மாட்டி ரிசீவருக்குள்ள வச்சு வித்தாங்க. இப்ப 50 வருஷம் ஆச்சு, அந்த கெப்பாசிட்டர் எல்லாம் மதிப்பு மாறி ஃபேஸ் அங்கங்க விலகி நிக்குது, அதை சர்வீஸ் பண்ணாம செகண்ட் ஹேண்ட்ல நல்ல காசு குடுத்து வாங்குறவங்களைப் பாத்தா எனக்கு பாவமா இருக்கும்.

சாக்ஸ்-ல இதுக்கு ஹில்பர்ட்-னு ஒரு எஃபெக்ட் ரெடியாவே இருக்கு. எல்லாத்தையும் 90 டிகிரி திருப்பிடும், மேட்ரிக்ஸ் கோடிங்குக்கு இது பயன்படும்னு அதோட மேனுவல்லயே எழுதியிருக்காங்க. நீங்க பண்ண வேண்டியது, ஸ்டீரியோ ஃபைலை ஒரு காப்பி எடுத்து ஹில்பர்ட் வழியா விடணும், ஒரிஜினலையும் அதையும் சேர்த்து நாலு சேனல் ஃபைலாக்கி, ரீமிக்ஸ் எஃபெக்ட்ல மேல சொன்ன கணக்கை எழுதணும். ரெண்டே வரி கமாண்ட் தான், மவுஸ் வச்சு அமுக்குற வேலையே கிடையாது, டெர்மினலைப் பாத்தாலே அலர்ஜின்னா இந்த ரிவ்யூ உங்களுக்கு இல்ல.

இதுல ரெண்டு இடம் கவனிக்கணும். ஒண்ணு, ஹில்பர்ட் எஃபெக்ட் சும்மா விட்டா சுமார் 75 ஹெர்ட்ஸுக்கு கீழ இருக்குற அடி சத்தத்தை குறைச்சிடும், அதனால பின்னாடி கணக்கு அந்த அடி சத்தத்துல மட்டும் தப்பா போகும், டேப்ஸ் எண்ணிக்கையை (ஃபில்டரோட நீளம்) கூட்டிக்கோங்க, ஒற்றைப்படை எண்ணா இருக்கணும், ப்ராசஸ் ஆக கொஞ்சம் நேரம் எடுக்கும், ஆகட்டும். ரெண்டாவது தான் முக்கியம், 90 டிகிரி எந்தப் பக்கம் திரும்புதுங்கறது. ப்ளஸ் மைனஸ் மாறிப்போச்சுன்னா சத்தம் கெடாது, எர்ரர் வராது, பின் இடதும் பின் வலதும் சத்தமில்லாம இடம் மாறிடும், பாட்டை மட்டும் கேட்டா உங்களால கண்டுபிடிக்கவே முடியாது. அதனால மொதல்ல ஒரு டெஸ்ட் ஃபைல் பண்ணிக்கோங்க, இடது சேனல்ல 1000 ஹெர்ட்ஸ் டோன், வலதுல அதே டோன் 90 டிகிரி பிந்தி. அதை டிகோட் பண்ணா பின் இடதுல முழுசா வரணும், பின் வலது வெறும் அமைதியா இருக்கணும், முன்னாடி ரெண்டுலயும் 3 டெசிபெல் கம்மியா வரும். அப்படி வந்தா கணக்கு சரி, உள்ளதை எல்லாம் தைரியமா போட்டு அரைக்கலாம்.

ரெக்கார்டிங் விஷயத்துல சோம்பேறித்தனம் ஆகாது. 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸ்ல ஆடாசிட்டி-ங்கற ரெக்கார்டிங் சாப்ட்வேர் வச்சு எடுத்தா போதும். கார்ட்ரிட்ஜ் நேரா நிக்குதான்னு அசிமத் பாருங்க, ரெண்டு சேனலும் ஒரே லெவல்ல வருதான்னு பாருங்க, ஸ்டீரியோல இதெல்லாம் கொஞ்சம் கோணலா இருந்தாலும் காது மன்னிச்சிடும், மேட்ரிக்ஸ்ல ரெண்டு சேனலுக்கு நடுவுல இருக்குற உறவு தான் எல்லாமே, அது விலகினா முன்னாடி இருக்குறது பின்னாடி ஒழுக ஆரம்பிச்சிடும். அப்புறம் க்ளிக், பாப் எல்லாத்தையும் டிகோட் பண்றதுக்கு முன்னாடியே ஸ்டீரியோ ஃபைல்லயே எடுத்துடுங்க. ஹில்பர்ட் வழியா போன க்ளிக்கை அலைவடிவத்துல ஜூம் பண்ணிப் பாத்தா புரியும், ஊசி மாதிரி நின்ன ஒரே கோடு ரெண்டு பக்கமும் வால் முளைச்சு இழுத்துட்டு போயிருக்கும், அதுக்கப்புறம் எந்த டிக்ளிக்கருக்கும் அது க்ளிக்னே தெரியாது.

இப்ப கேட்ட கதை. நான் போட்டுப் பாத்தது பிங்க் ஃப்ளாய்டோட தி டார்க் சைட் ஆஃப் தி மூன், 1973 எஸ்க்யூ ரெக்கார்டு, குவாட் மிக்ஸ் பண்ணது ஆலன் பார்சன்ஸ். அதுல வர்ற கடிகாரச் சத்தங்களையே அவர் மொதல்ல குவாட் டெமோவுக்காக தான் ரெக்கார்டு பண்ணி வச்சிருந்தார், அதனால இதை விட பொருத்தமான டெஸ்ட் கிடையாது. இன்னொரு காரணமும் இருக்கு. 2011-ல வந்த இம்மர்ஷன் பாக்ஸ்ல இதே குவாட் மிக்ஸ் நாலு சேனலும் தனித்தனியா டிஸ்க்ல இருக்கு. அதாவது பரிட்சை எழுதிட்டு பக்கத்துல விடைத்தாளையும் வச்சுப் பாக்கலாம்.

பக்கத்துல வச்சுப் பாத்தா எஸ்க்யூ பாஸ் மார்க் தான் வாங்குது. பின் இடது, பின் வலது ரெண்டுக்கும் நடுவுல பிரிவு அருமை, ஒண்ணோட ஒண்ணு கலக்கவே இல்ல. முன்னாடி ரெண்டும் அதே மாதிரி. ஆனா முன்னாடிக்கும் பின்னாடிக்கும் நடுவுல 3 டெசிபெல் தான் வித்தியாசம், இது சாப்ட்வேர் குத்தம் இல்ல, கணக்கே அப்படி. முன் இடதுல மட்டும் இருக்க வேண்டிய சத்தம் பின்னாடி ரெண்டு ஸ்பீக்கர்லயும் 3 டெசிபெல் கம்மியா கூடவே வருது, பின்னாடி மூலைல இருக்க வேண்டியது முன்னாடி ரெண்டுலயும் வருது. கடிகாரம் எல்லாம் நம்மளைச் சுத்தி அடிக்கிறது நல்லாவே தெரியுது, ஆனா இந்த மூலைன்னு விரல் நீட்டிக் காட்ட முடியல, அந்தப் பக்கமான்னு தான் சொல்ல முடியுது.

இதை விட மோசம் பாடகர் குரல். முன்னாடி சரியா நடுவுல வச்ச குரல் அடிப்படை டிகோட்ல நாலு ஸ்பீக்கர்லயும் ஒரே சத்தத்துல வரும், அதுவும் பின்னாடி ரெண்டுல ஒண்ணுக்கொண்ணு எதிர் போலாரிட்டில, அதாவது ஒண்ணு மேல போறப்ப இன்னொண்ணு கீழ போகும். தலையை கொஞ்சம் அசைச்சா காதுக்குள்ள ஒரு மாதிரி இழுக்கும், சிலருக்கு தலை சுத்தும்.

இதுக்கு அந்தக் காலத்துலயே ஒரு கைவைத்தியம் இருந்துச்சு, 10-40 ப்ளெண்ட்னு சொல்லுவாங்க. பின் இடதுல பின் வலதை 40 சதவீதம் கலந்துடணும், பின் வலதுல பின் இடதையும் அதே அளவு, முன்னாடி ரெண்டையும் இதே மாதிரி ஒண்ணுக்கொண்ணு 10 சதவீதம். குரல் பின்னாடி எதிரெதிர் போலாரிட்டில இருக்குறதால கலக்கும்போது தானா அடிபட்டு சுமார் நாலரை டெசிபெல் குறையுது. பின்னாடி ரெண்டுக்கும் நடுவுல பிரிவு 8 டெசிபெல்லா இறங்கிடும், பரவால்ல, நான் இப்ப எல்லா எஸ்க்யூ ரெக்கார்டுக்கும் இப்படி தான் வச்சிருக்கேன். சாக்ஸ்-ல ரீமிக்ஸ் வரில நம்பரை மாத்துனா முடிஞ்சது, பழைய டப்பாவுல இவ்ளோ சுலபமா முடியாது.

இன்னும் பிரிவு வேணும்னா லாஜிக் ஸ்டியரிங். எந்தத் திசைல இப்ப சத்தம் அதிகமோ அதைப் பாத்து மத்த ஸ்பீக்கர்ல அதை அழிக்கிறது. ஹார்ட்வேர்ல இதுல பேர் வாங்குனது டேட் சிப் போட்ட டிகோடர்கள் தான், அதை வச்சு ஃபாஸ்கேட் டேட் 101ஏ பண்ண ஜிம் ஃபாஸ்கேட் தான் பின்னாடி டால்பி ப்ரோ லாஜிக் 2-ஐயும் பண்ணார், அதனால இது செத்துப்போன டெக்னாலஜின்னு நினைச்சுடாதீங்க. கம்ப்யூட்டர்ல இன்னும் ஒரு படி மேல போய் எஃப்எஃப்டி (சத்தத்தை ஃப்ரீக்வென்சி துண்டுகளா உடைக்கிற கணக்கு) போட்டு ஒவ்வொரு ஃப்ரீக்வென்சி துண்டுக்கும் தனியா ஃபேஸ், லெவல் பாத்து இது எந்த மூலைன்னு முடிவு பண்ற ஸ்க்ரிப்ட்டுங்க இருக்கு. கேட்டவுடனே அசந்து போவீங்க, கடிகாரம் நிஜமாவே மூலைக்கு போகும். ஆனா முழுப் பாட்டையும் ஹெட்ஃபோன்ல ஒவ்வொரு சேனலா கேட்டுப் பாருங்க, டிரம்ஸோட சிம்பல் தட்டு சத்தம் குழைஞ்சு சலசலக்குது, எதிரொலி தேயுற இடத்துல துண்டு துண்டா அறுந்து போகுது. டிரம்ஸும் கிட்டாரும் ஒரே நேரத்துல வேற வேற மூலைல இருந்தா அதுக்கு குழப்பம் வந்துடுது. நண்பர்களைக் கூப்பிட்டு உக்கார வச்சு பந்தா காட்ட ஸ்டியரிங், ராத்திரி தனியா உக்காந்து கேக்க ப்ளெண்ட், என் ஓட்டு ப்ளெண்டுக்கு.

க்யூஎஸ் ரெக்கார்டா இருந்தா கணக்கு வேற, 0.924, 0.383-னு நம்பர் வரும், எதிர் மூலைக்கு மூலை பிரிவு முழுசா கிடைக்கும், பக்கத்து ஸ்பீக்கருக்கு 3 டெசிபெல் தான். இதுக்கு சாப்ட்வேர் வரைக்கும் போகவே வேணாம், ஏவி ரிசீவர்ல ப்ரோ லாஜிக் 2 இருந்தா அதுல போட்டாலே ஓரளவு ஒழுங்கா வருது.

மார்க் போடணும்னா சாக்ஸ்-க்கு 5-க்கு 4, டெர்மினல் தொல்லைக்காக ஒண்ணு கட். எஃப்எஃப்டி ஸ்க்ரிப்ட்டுங்களுக்கு 3. உடனே ஓடணும், காத்திருக்க முடியாதுன்னா ஆஸ்திரேலியாவுல இன்வால்வ் ஆடியோ விக்குற சர்ரவுண்ட் மாஸ்டர் மாதிரி புது டப்பா இருக்கு, ஆனா கைல ரெண்டு மூணு ரெக்கார்டு மட்டும் இருக்குறவங்க அதுக்கு காசு போடாதீங்க. அதே மாதிரி உங்க ஆல்பம் டிஸ்க்ரீட்டா, அதாவது நாலு சேனலும் தனித்தனியா, வந்திருக்கான்னு மொதல்ல தேடுங்க, இங்கிலாந்துல டட்டன் வோகாலியன் நிறைய குவாட் மிக்ஸை எஸ்ஏசிடி-ல (பல சேனல் வைக்கக்கூடிய சூப்பர் ஆடியோ சிடி) போட்டிருக்காங்க, அது கிடைச்சா டிகோட் பண்றது வெட்டி வேலை.

ப்ளே பண்ணும்போது, நாலு சேனல் ஃப்ளாக் ஃபைல்ல வரிசை முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது. சில ரிசீவர் நாலு சேனலைப் பாத்தா முழிக்கும், அப்ப நடுவுல சென்டருக்கும் சப்வூஃபருக்கும் ரெண்டு அமைதியான சேனலைச் செருகி ஆறா ஆக்கிடுங்க. அந்த ஸ்டீரியோ ஃபைலை எங்கயும் எம்பி3 ஆக்கிடாதீங்க, சுருக்குறப்ப, முக்கியமா பிட்ரேட் கம்மியா இருந்தா, அந்த 90 டிகிரி உறவு கெட்டுப்போகலாம், யாராவது எம்பி3-ல அனுப்புன எஸ்க்யூ ஃபைலை டிகோட் பண்ணிட்டு ஒண்ணும் பிரியலன்னு சொன்னீங்கன்னா என்கிட்ட பதில் இல்ல.