பழைய பேஜ்மேக்கர், புது விண்டோஸ், நடுவில் ஒரு தண்டையார்பேட்டை சர்வீஸ் கடை

கடை பெயரைக் கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பிளெக்ஸ் போர்டு கிழிந்து போனதாம், அதற்கப்புறம் கடைக்காரத் தம்பி புதுசு மாட்டவே இல்லை. தண்டையார்பேட்டை மெட்ரோவில் இறங்கி டி.எச். ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்துக்குள், டீக்கடையை ஒட்டி ஒரே ஒரு ஷட்டர். உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வாசலில்தான் நிற்க வேண்டும். இந்தக் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கு ஐந்துக்கு நாலு ஸ்டார் தருகிறேன். அந்த ஒன்றை ஏன் குறைத்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

எனக்குப் பழைய வண்ணாரப்பேட்டையில் கம்போசிங் கடை. கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு, காதணி விழா, ஆடி மாசம் வந்தால் கோயில் கூழ் ஊற்றுகிற நோட்டீஸ், வருஷம் முழுக்கக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். பதினான்கு வருஷத்து ஃபைல்கள் பேஜ்மேக்கர் 7 என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் இருக்கின்றன. "பழசை எதுக்கு வச்சிருக்கீங்க, அழிச்சிடுங்க" என்று சொல்பவர்கள் ஒருநாள் என் கடையில் வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். பெரியவள் கல்யாணத்துக்கு 2015ல் அடித்த பத்திரிகையைப் பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக எடுத்துக்கொண்டு வந்து, சின்னவளுக்கும் அச்சு அசல் இதே மாதிரி வேண்டும், பிள்ளையார்கூட மாறக்கூடாது என்பார்கள். முதலாம் ஆண்டு நினைவஞ்சலி அடித்தவர் ஏழாம் ஆண்டுக்கும் வருவார். போட்டோ, வாசகம் எல்லாம் அதேதான், ஆண்டு மட்டும் மாறும். ஃபைல் இருந்தால் பத்து நிமிஷ வேலை, இல்லை என்றால் அரை நாள்.

இத்தனை வருஷமும் விண்டோஸ் 7 தான், அதுவும் 32-பிட் (பழைய வகை, இப்போது வருவதெல்லாம் 64-பிட்). 2020 ஜனவரியோடு அதற்கு அப்டேட் நின்றுவிட்டது என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள், நான் கண்டுகொள்ளவில்லை. தொல்லை வந்தது பிரவுசர் வழியாக. குரோமில் 109வது பதிப்புதான் விண்டோஸ் 7க்குக் கடைசி. அது பழசாகப் பழசாக, மாப்பிள்ளை வீட்டார் அனுப்பும் போட்டோவை இறக்குவதற்குள் உயிர் போயிற்று. விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14 அன்று மூட்டை கட்டிவிட்டார்கள். சரி, வாங்குவது வாங்குகிறோம், ஒரேயடியாக விண்டோஸ் 11 போட்ட புது சிஸ்டமாக இருக்கட்டும் என்று எடுத்தேன்.

பேஜ்மேக்கர் எப்படியோ ஏறிக்கொண்டது. அது 2001ல் வந்தது என்றாலும் 32-பிட் மென்பொருள், அந்த வகையை 64-பிட் விண்டோஸ் இன்னும் ஓட்டும். மாட்டிக்கொண்டது தமிழ் டைப்பிங் மென்பொருள். அதன் இன்ஸ்டாலர் 16-பிட் காலத்தது, 64-பிட் விண்டோஸ் அதைத் தொடவே தொடாது. விண்டோஸ் 11ல் 32-பிட் பதிப்பே கிடையாது என்பதால் தப்பிக்க வழியும் இல்லை. இது போதாதென்று, அந்த மென்பொருளுக்கு யூஎஸ்பியில் செருகும் ஒரு லாக் உண்டு, சுண்டுவிரல் நீளம்தான், அதைச் செருகினால்தான் மென்பொருள் ஓடும். அந்த லாக்குக்கான டிரைவரும் 32-பிட். செருகினால் புது சிஸ்டம் 'டிங்' என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு, மஞ்சள் முக்கோணம் போட்டு உட்கார்ந்துகொள்கிறது.

எங்கள் கடையில் டைப் அடிக்கும் அக்கா டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவர். அவர் விரல் போகிற இடம் பழைய தட்டச்சு விசைதான். விண்டோஸ் 11ல் தமிழ்99 விசைப்பலகை இருக்கிறதே என்று சொல்லிப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார், பதில் சொல்லவில்லை.

முதலில் வந்த சர்வீஸ் ஆள் (வேறு கடை, பெயர் வேண்டாம்) அஞ்சு நிமிஷம் பார்த்துவிட்டு, "எல்லாம் பழசு சார், ஆன்லைன்ல டைப் பண்ணி ஒட்டிக்கலாம்" என்றார். சொன்ன கையோடு, பழைய ஹார்ட் டிஸ்கை ஃபார்மட் அடித்துப் புதுசில் இரண்டாவதாக மாட்டித் தருகிறேன் என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். நான் டீ சொல்லிவிட்டு வருவதற்குள் அக்கா அந்த டிஸ்கைப் பிடுங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டது எங்கள் குலதெய்வத்தின் அருள்.

அப்புறம்தான் மல்டிகலர் பிரஸ்காரர் ஒருவர் சொல்லி இந்தத் தம்பியிடம் போனேன். சிஸ்டத்தைத் திறப்பதற்கு முன்னால் அவர் கேட்ட முதல் கேள்வி, "அண்ணே, இதுல நீங்க இன்னா வேலை பண்றீங்க? டைப் அடிக்கிறதுல இருந்து அச்சு பிளேட்டுக்குப் போற வரைக்கும் சொல்லுங்க." இதைக் கேட்ட முதல் சர்வீஸ் ஆள் இவர்தான். சொன்னேன். பழைய டிஸ்கை அப்படியே நகல் எடுத்து, ஒன்றை என் கையில் கொடுத்து, "இதைக் கடையில வைக்காதீங்க, வீட்டு பீரோல வைங்க" என்றார். மிக்ஜாம் தண்ணீரில் எத்தனை டிஸ்க் நனைந்து வந்தது என்று அவர் சொன்னதைக் கேட்டபின், சத்தியமாக பீரோவில்தான் வைத்திருக்கிறேன்.

அவர் போட்டுக் கொடுத்தது விர்ச்சுவல்பாக்ஸ். ஆரக்கிள் தரும் இலவச மென்பொருள். புது சிஸ்டத்துக்குள்ளேயே ஒரு ஜன்னலில் இன்னொரு கணினியை உருவாக்கிக் கொடுக்கும். அந்தக் குட்டிக் கணினியில் எங்கள் பழைய விண்டோஸ் 7, 32-பிட்டே (டிவிடியும் சாவியும் பெட்டியோடு வைத்திருந்தது நல்லதாய்ப் போயிற்று). 8 ஜிபி ரேமில் 2 ஜிபி அதற்கு. யூஎஸ்பி லாக்கை வெளிக் கணினி பார்க்காமல் உள்ளே இருப்பது மட்டும் பார்க்கிற மாதிரி ஒரு ஃபில்டர் வைத்தார். உள்ளே 32-பிட் டிரைவர் என்பதால் லாக் மறுபேச்சு பேசவில்லை. அக்கா உட்கார்ந்து 'நிகழும் மங்களகரமான' என்று அடித்துப் பார்த்தார். அடித்தது அப்படியே வந்தது. அன்றைக்குப் பஜ்ஜி என் செலவு.

உள்ளே இருக்கும் விண்டோஸ் 7க்கு இன்டர்நெட் கிடையாது. அப்டேட் நின்றுபோனதை வலையில் விடக்கூடாது என்று நெட்வொர்க் கார்டையே அணைத்துவிட்டார். உள்ளேயும் வெளியேயும் பொதுவாக ஒரு ஃபோல்டர். பேஜ்மேக்கரில் போட்ட பிடிஎஃப் அந்த ஃபோல்டரில் வந்து விழும், விண்டோஸ் 11லிருந்து மெயிலில் அனுப்புகிறோம். பிளேட் எடுக்கும் இடத்தில் பிடிஎஃப் மட்டும்தான் கேட்கிறார்கள், அது எந்தக் காலத்து மென்பொருளில் பிறந்தது என்பது அவர்களுக்கு எதற்கு?

இரண்டு சில்லறைத் தொல்லைகள் வந்தன. ஒன்று, அக்கா காப்பி எடுக்க வலது பக்க கன்ட்ரோலோடு 'சி' தட்டுவார். விர்ச்சுவல்பாக்ஸில் வலது கன்ட்ரோல் அதன் சொந்த விசை, அதோடு 'சி' தட்டினால் காப்பி ஆகாது, மெனு எல்லாம் மறைந்து திரை வேறு அளவுக்குப் போய்விடும். கணினிக்குப் பேய் பிடித்துவிட்டது என்று முதல் நாள் நாலு தடவை எனக்கு போன். தம்பி வந்து செட்டிங்கில் அந்த விசையை மாற்றி, அக்கா தொடவே தொடாத ஒரு விசைக்குக் கொண்டுபோனார். இன்னொன்று, ஜன்னலுக்குக் கீழே ஒரு பச்சை ஆமை. அலங்காரத்துக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். அந்த ஆமை தெரிந்தால், விண்டோஸின் சொந்த விர்ச்சுவல் வசதி குறுக்கே நிற்கிறது, விர்ச்சுவல்பாக்ஸ் மெதுவாகத்தான் ஓடும் என்று அர்த்தமாம். அதை எடுக்கலாம், ஆனால் விண்டோஸ் 11ன் பாதுகாப்பில் ஒன்றிரண்டை அணைக்க வேண்டிவரும், இதே சிஸ்டத்தில் பேங்க் வேலையும் பார்க்கிறீர்கள், பேஜ்மேக்கருக்கு இந்த வேகம் போதும், ஆமை இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். வேகமாக்கித் தருகிறேன் என்று இன்னொரு ஐநூறு ரூபாய் வாங்கியிருக்கலாம், வாங்கவில்லை. இதற்காகவே ஒரு ஸ்டார்.

இப்போது எங்கள் பக்கத்துக் கூத்து. எல்லாம் சரியாக ஓடும் நிலையில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்திருந்தார், ஏதாவது கெட்டுப்போனால் அந்த நாளுக்கே திரும்பிப் போகலாம். கூடவே, 'உள்ளே சேவ் பண்ணாதே' என்று சீட்டு எழுதி மானிட்டரில் ஒட்டிவிட்டும் போனார். எங்கள் பையன் ஒரு மாலை பேஜ்மேக்கர் தொங்கியதும் ரீஸ்டோர் அழுத்தினான். இப்போதைய நிலையையும் சேர்த்து எடுத்து வைக்கட்டுமா என்று அது கேட்டிருக்கிறது, அந்த டிக்கையும் எடுத்துவிட்டான். சிஸ்டம் சூப்பராக வந்துவிட்டது. உள்ளே டெஸ்க்டாப்பில் சேவ் பண்ணியிருந்த இரண்டு நாள் வேலை போய்விட்டது, நாலு பத்திரிகை. அதில் ஒன்று புரூஃப் ஓகே ஆன காதணி விழா. அந்த இரவு அக்காவும் நானும் பதினொரு மணி வரை உட்கார்ந்து திரும்ப அடித்தோம். ஸ்னாப்ஷாட்டைக் காப்பு நகல் என்று நினைக்கிறவர்கள் இருந்தால், தயவுசெய்து இந்தப் பத்தியை இன்னொரு தடவை படியுங்கள்.

இதையே நம்பிப் பத்து வருஷம் ஓட்டாதீர்கள் என்று தம்பியே சொன்னார். அந்த லாக் செத்துப்போனால் புதுசு கொடுக்க ஆள் இல்லை. பேஜ்மேக்கருக்கு அப்புறம் வந்த பக்க வடிவமைப்பு மென்பொருள் இன்டிசைன், அதில் பேஜ்மேக்கர் ஃபைலை நேராகத் திறக்கும் கடைசிப் பதிப்பு சிஎஸ்6 தான், அதுவும் 2012ல் வந்தது. அதனால் திரும்பி வருகிற வேலைகளை மட்டும் ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறை) மாற்றிக்கொண்டு வாருங்கள் என்றார். அக்காவுக்காகப் புது சிஸ்டத்தில் என்எச்எம் ரைட்டர் என்ற தமிழ் டைப்பிங் மென்பொருளைப் போட்டுப் பழைய தட்டச்சு விசையைத் தேர்ந்து கொடுத்தார். யூனிகோடிலும் விரல் பழைய இடத்துக்கே போகிறது.

மாற்றும்போதுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது, டிடிபி வேலை செய்கிறவர்கள் கவனியுங்கள். பழைய எழுத்துருக்களில் நாம் பார்க்கிற வரிசையிலேயே அடிப்போம், முதலில் கொம்பு, அப்புறம் எழுத்து, அப்புறம் கால். யூனிகோடில் எழுத்து முதலில். யூனிகோடுக்கு மாற்றித் தரும் மென்பொருள் இந்த வரிசையை ஒழுங்காகத் திருப்பிக்கொள்ளும். ஆனால் 'கௌரி' என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பழைய எழுத்துருவில் ஔகாரத்தின் பின்பாதியும் 'ள' என்ற எழுத்தும் ஒரே விசை. மாற்றியதும் அது 'கெ', 'ள', 'ரி' என்று மூன்று எழுத்தாகப் போய் நிற்கிறது. திரையில் வித்தியாசமே தெரியாது. பெண் பெயரைத் தேடினால் பத்திரிகையில் அப்படி ஒருத்தியே இல்லை என்கிறது. அக்கா இதைப் பிடித்த நாளிலிருந்து, மாற்றிய ஒவ்வொரு ஃபைலிலும் கௌரி, கௌதம், சௌந்தர், மௌலி எல்லாரையும் கையால் திருத்துகிறோம். இன்னொன்று, மாப்பிள்ளை பெயருக்குப் பக்கத்தில் ஆங்கிலத்தில் போட்ட பட்டத்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து மாற்றினால், பி.இ. படித்தவர் பட்டம் வாயில் நுழையாத ஏதோ தமிழாகிவிடும். ஒரு தடவை பிளேட் வரை போய்ப் பிடித்தோம்.

அந்த ஒரு ஸ்டார் குறைந்த கதை: புதன்கிழமை வருகிறேன் என்றவர் சனிக்கிழமை வந்தார். போன் எடுக்க மாட்டார், வாட்ஸாப்பில் வாய்ஸ் போட்டால் ராத்திரி பன்னிரண்டுக்குப் பதில் வரும். பில் கேட்டால் சிரிக்கிறார். மொத்தம் 2,200 ரூபாய் ஆனது. நகல் எடுத்த டிஸ்க் தனிக்காசு. முகூர்த்த மாசத்தில் மூன்று நாள் கடை படுத்தால் எங்கள் தொழிலில் அதன் விலை வேறு, அதனால் மார்கழி மாசமாகப் பார்த்து வேலையைக் கொடுங்கள்.

காலையில் போனால் ஷட்டர் மூடியிருக்கும், பதினொன்றுக்கு மேல் போங்கள். பழைய டிஸ்க், லாக், சிடி, சாவி எழுதிய அட்டை எல்லாவற்றையும் ஒரே பையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆள் இல்லை என்றால் பக்கத்து டீக்கடையில் சொன்னால் கூப்பிட்டு விடுவார்கள்.