இதயம் பலவீனமானவர் இருக்கும் வீட்டுக்கு எடை மெஷின்: வாங்கலாமா?

அப்பாவுக்காக வாங்கியது. கண்ணாடித் தட்டு வைத்த சாதாரண டிஜிட்டல் மெஷின், 150 கிலோ வரை தாங்கும், 100 கிராம் வித்தியாசத்தைக்கூடக் காட்டும். இதயம் பலவீனமாகி உடம்பில் நீர் கோக்கிற ஆள் வீட்டில் இருந்தால், பி.பி. மெஷினோடு இதையும் கட்டாயம் வாங்குங்கள்.

ஒரு லிட்டர் நீர் தேங்கினால் எடை ஒரு கிலோ கூடும். கால் வீங்குவதற்கும் ராத்திரி படுத்தால் மூச்சு முட்டுவதற்கும் முன்பே பல நேரம் அது இந்த மெஷினில் தெரிந்துவிடுகிறது. 3 நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் உடனே கூப்பிடச் சொல்லியிருக்கிறார் எங்கள் டாக்டர். ஒருமுறை கல்யாணச் சாப்பாடு, அப்புறம் ஊறுகாய், அப்பளம் என்று உப்பு கூடிப்போய் எடை மளமளவென்று ஏறியது. போன் செய்தோம், தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் லாசிக்ஸ் மாத்திரையைச் சில நாளைக்குக் கூட்டச் சொன்னார், ரத்தத்தில் பொட்டாசியம் உப்பும், கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் பார்க்கச் சொன்னார், அட்மிஷன் இல்லாமலே எடை இறங்கியது. டாக்டரைக் கேட்காமல் நீங்களாக மாத்திரையைக் கூட்டிவிடாதீர்கள்.

காலையில் எழுந்து பாத்ரூம் போய்விட்டு, காபிக்கு முன்னால், தினமும் ஒரே மாதிரி உடையில் ஏற வேண்டும். பாய், கார்ப்பெட் மேல் வைத்தால் எடை தப்பாகக் காட்டும், சமமான தரை வேண்டும். எண்ணைக் காலண்டரிலேயே குறித்துவிடுகிறோம், செக்கப் போகும்போது டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

கடையில் கொழுப்புச் சதவீதம் காட்டும் ஸ்மார்ட் மெஷினை எடுத்துக் காட்டுவார்கள். வேண்டாம். அது உடம்புக்குள் லேசாக மின்சாரம் செலுத்தி அளக்கிற சாதனம், இதயத் துடிப்பைச் சீராக்க உடம்புக்குள் பொருத்தும் பேஸ்மேக்கர், ஐ.சி.டி. கருவிகள் வைத்தவர்கள் பயன்படுத்தக் கூடாது என்று அதன் கையேட்டிலேயே இருக்கும். நீர் தேங்கிய உடம்பில் அந்தக் கணக்கு சரியாகவும் வராது.

இந்த மெஷினில் குறை என்றால், எண் சட்டென்று அணைந்துவிடுகிறது, அப்பா கண்ணாடி போட்டுக் குனிவதற்குள் போய்விடும், பக்கத்தில் ஒருவர் நின்று படிக்க வேண்டியிருக்கிறது. ஈரக்காலோடு ஏறினால் வழுக்கும், அதனால் சுவரோரமாகப் போட்டிருக்கிறோம். நிற்கவே தள்ளாடுகிறவர்களுக்கு இது சரிப்படாது, கைப்பிடி வைத்த மெஷினாகப் பார்த்து வாங்குங்கள்.