30 சதவீதக் கணக்கா, மிச்சப் பணக் கணக்கா?

கனடாவில் வரிக்கு முந்தைய வருமானத்தில் 30 சதவீதமோ அதற்கு மேலோ வீட்டுக்குப் போனால், அது கட்டுப்படியாகாத வீடு. வாடகையோடு மின்சாரம், சூடேற்றம், தண்ணீர்க் கட்டணத்தையும் சேர்க்க வேண்டும். இவற்றை விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. இரண்டே எண்கள் போதும் என்பதால் கணக்கெடுப்புக்கு இது வசதி.

ஆனால் குடும்பத்தின் அளவு இதில் தெரியாது. மாதம் 6,000 டாலர் சம்பாதிக்கும் தனியாள் 2,100 கொடுத்தால் 35 சதவீதம். கையில் 3,900 மிஞ்சும். 3,000 டாலரில் நால்வர் வாழும் வீட்டில் 840 கொடுத்தால் 28 சதவீதம்தான், மிச்சம் 2,160. முதலாமவர் நெருக்கடியில் இருப்பதாகவும் இரண்டாம் வீடு நன்றாக இருப்பதாகவும் காட்டுகிறது இந்த அளவுகோல்!

மிச்சப் பணக் கணக்கில் வருமானத்திலிருந்து வரியையும் வீட்டுச் செலவையும் கழித்து, உணவு, உடை, போக்குவரத்து முதலியவற்றின் குறைந்தபட்சச் செலவோடு ஒப்பிட வேண்டும். அந்தத் தொகையை ஊருக்கும் ஆள் எண்ணிக்கைக்கும் ஏற்பத் தயாரிப்பதுதான் கடினம். பழைய விலையை வைத்தால் தேவை குறைத்துக் காட்டப்படும்.

மாகாண அளவிலான போக்கைப் பார்க்க 30 சதவீதக் கணக்கு போதும். யாருக்கு உதவி என்று முடிவெடுக்க மிச்சப் பணக் கணக்கே நியாயம். இரண்டிலும் வீட்டின் ஆள் நெரிசலும் பழுதும் தெரியாது. படுக்கையறைகளையும் பெரிய பழுதுகளையும் தனியே கேட்டாக வேண்டும்.