கோழி எருவின் நெடியை அடக்க: சூப்பர் பாஸ்பேட், நார்க்கழிவு, தார்ப்பாய் – என் அனுபவம்

நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை நடத்துகிறேன். உயரக் கூண்டு ஷெட். எச்சம் மாதக்கணக்கில் அடியிலேயே சேரும். அப்புறம் அள்ளி வெளியே குவிப்போம். கண்ணைக் கரிக்கிற அந்த அம்மோனியா நெடி, வயலுக்குப் போக வேண்டிய தழைச்சத்து (நைட்ரஜன்) காற்றில் போவதுதான். அதைப் பிடித்து வைக்கச் சில வருடமாகச் செய்துவருவதைச் சொல்கிறேன்.

எதை வாங்கிப் போடும் முன்பும் நிப்பிளை (கோழி கொத்தித் தண்ணீர் குடிக்கும் குழாய் முனை) பாருங்கள். புது எச்சத்தில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு தண்ணீர். காற்றோட்டம் இருந்தால் அது கூம்பு கூம்பாகக் காய்ந்து நிற்கும். ஒரு நிப்பிள் ஒழுகினால் போதும், அதற்குக் கீழே மட்டும் கூழாகி, புழு வைத்து, நெடி தூக்கும். எச்சத்திலுள்ள யூரிக் அமிலத்தை அம்மோனியாவாக உடைக்கிற நுண்ணுயிரிகளுக்கு ஈரமும் சூடும்தான் தேவை.

அடுத்தது சூப்பர் பாஸ்பேட். உரக்கடையில் கிடைக்கிற அதே சிங்கிள் சூப்பர்தான். குவிக்கும்போது டன்னுக்கு ஒரு மூட்டை என்று அடுக்கடுக்காகத் தூவுகிறேன். அதன் புளிப்புத் தன்மை அம்மோனியாவை உப்பாக்கி எருவிலேயே நிறுத்துகிறது. தூவிய சில நாளில் குவியல் பக்கம் நின்று பேச முடிகிறது. ஆனால் ஒருமுறை போட்டது கடைசிவரை தாங்காது. புளிப்பு தீர்ந்ததும் நெடி திரும்பும். புது எரு சேரச் சேரத் தூவ வேண்டும். அலுமினியம் சல்பேட்டும் இதே வேலையைச் செய்யும். நான் சூப்பரிலேயே நிற்கக் காரணம், அதிலுள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) வீணாவதில்லை.

ஈத்தொல்லைக்குச் சுண்ணாம்பு தூவும் வழக்கம் நம் பக்கம் உண்டு. தயவுசெய்து எருவில் போடாதீர்கள். காரத்தன்மை ஏறினால் அடங்கியிருந்த அம்மோனியாவும் கிளம்பிவிடும். சூப்பர் போட்ட குவியலில் சுண்ணாம்பு பட்டால் இரண்டுமே வீண்.

தென்னை நார்க்கழிவு கலந்தால் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது, கரிச்சத்தும் கூடுகிறது. நன்றாக மட்கும். அடிக்கடி கிளறாதீர்கள், கிளறும்போதெல்லாம் அம்மோனியா வெளியே வரும். தார்ப்பாய் மழைக்காலத்தில் கட்டாயம்.

ஷெட்டுக்குள் காற்றில் அம்மோனியா 25 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 25 பங்கு) மேல் போனால் கோழிக்கும் ஆளுக்கும் கெடுதல். தினமும் உள்ளே இருப்பவர் மூக்குக்கு அந்த நெடி பழகிவிடும், அதனால் வெளியாள் ஒருவரை அழைத்துக் கேட்பது நல்லது. மரவள்ளிக்கும் மஞ்சளுக்கும் எரு எடுப்பவர்கள் இப்போது காய்ந்த, மூடிவைத்த குவியலைத்தான் முதலில் கேட்கிறார்கள்.